முதலில் ஒரு தாள், பிறகு லினக்ஸ்

ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. 'தமிழ்' என்று மாமா அடித்து வைத்திருந்த சொல் திரையில் அப்படித்தான் தெரிந்தது. எங்கள் அம்மன் கோயில் கொடைக்காக 2009இல் அவர் தயாரித்த நோட்டீஸ் அது. கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை, வில்லிசை, கீழே வரிதாரர் பட்டியல் என்று இரண்டு பக்கம். அத்தனையும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகக் குழம்பிக் கிடந்தன. மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "எல்லாம் போய்விட்டதா அம்மா?" என்று மெல்லக் கேட்டார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவருடைய மடிக்கணினியில் விண்டோஸை விட்டு, லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டுத் தந்தவள் நான்.

எதுவும் போகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். பழைய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி வழியாகச் செருகி, அதிலிருந்த எழுத்துருக் கோப்புகளை மட்டும் எடுத்து, மாமாவின் எழுத்துருக் கோப்புறையில் போட்டேன். கடிதம், நோட்டீஸ் எழுதும் மென்பொருளான லிப்ரே ஆஃபீஸை மூடித் திறந்ததும் சாமக்கொடை சாமக்கொடையாகவே வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடமும் அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

நான் கணினி படித்தவள் அல்ல. மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு சயான் கோலிவாடாவில். வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலுமாக நான்கு கணினிகளில் லினக்ஸ் போட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்றில் நின்றது, ஒன்றில் நிற்கவில்லை. இவை தவிர என் கைப்பையில் ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு லினக்ஸைக் கற்றுக்கொடுத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாமாவின் மடிக்கணினி 2015இல் வாங்கியது. இன்டெல் ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடியும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சில்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இரண்டும் இதில் இல்லை. ஆனால் திரை நன்றாக இருந்தது. விசைப்பலகையில் ஒரு விசைகூடத் தேயவில்லை. மாமா தட்டச்சு வகுப்பில் பயின்றவர், விரல் மெத்தென்று விழும். இந்தக் கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட எனக்கு மனம் வரவில்லை.

2025 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோட்டுக்குப் போனேன். 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான டிஸ்க்) ஒன்று, 4 ஜிபி ராம் ஒன்று. ராம் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோவது நல்லது. டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்று பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தப்பானதை வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். கடைக்காரர் பழையதைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு இணையானதை எடுத்துக் கொடுத்தார்.

அன்று செய்தவற்றில் மிகச் சரியான காரியம் என்று இன்றும் நான் நினைப்பது ஒன்று உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை. கழற்றி, ஒரு துணியில் சுற்றி, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிட்டேன். புதிய எஸ்எஸ்டியில்தான் லினக்ஸ். ஒத்து வராவிட்டால் பழையதைத் திருப்பி மாட்டினால் மாமாவின் கணினி விட்ட இடத்திலேயே இருக்கும். அந்த எழுத்துருவை மீட்டதும் இப்படி வைத்திருந்ததால்தான்.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதையும் தொடாது. பலர் இந்தக் கட்டத்தில் திரை வந்ததும் மகிழ்ந்துபோய் 'நிறுவு' என்பதை அழுத்திவிடுகிறார்கள். அரைமணி நேரம் செலவழித்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் கேட்கின்றனவா, மூடியை மூடித் திறந்தால் கணினி எழுந்திருக்கிறதா, வீட்டுப் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பார்த்தேன். மாமாவின் கணினியில் வைஃபை மட்டும் வரவில்லை. வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். வைஃபை இல்லாமல் அந்த டிரைவரை எப்படி இறக்குவது? கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசி அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் லினக்ஸ் அதைக் கம்பி வழி இணையமாகவே எடுத்துக்கொள்ளும். நிறுவிய பிறகு, நான் போட்ட மின்ட் என்ற லினக்ஸ் வகையில் உள்ள டிரைவர் மேலாளரைத் திறந்தால் எந்தச் சில்லுக்கு எது வேண்டும் என்று அதுவே காட்டும். ஒரு சொடுக்கு, ஒரு மறுதொடக்கம், வைஃபை வந்துவிட்டது. லினக்ஸ் போடும் எல்லோரிடமும் இந்தக் கம்பி வித்தையைத்தான் முதலில் சொல்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரையமைப்புள்ள பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம். மாமாவின் கண் பழகிய இடங்களில் எல்லாம் இருந்தன. 2029 வரை இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். எந்த லினக்ஸ் சிறந்தது என்று கேட்டுக்கொண்டே ஒரு வருடத்தைக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை போடுகிறவர்கள் மின்ட்டை எடுத்துக்கொள்ளலாம், அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

தமிழ் உள்ளீடுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. மாமாவுக்குத் தமிழ்99 வராது, ஆங்கில ஒலிப்பில் அடிப்பதும் பிடிக்காது. அவர் விரல் அறிந்தது தட்டச்சு இயந்திரத்தின் அமைப்பு ஒன்றுதான். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவினால் தமிழுக்குத் தமிழ்99, ஒலிப்பு முறை, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு என எல்லா அமைப்புகளும் வந்துவிடுகின்றன. தட்டச்சைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். முதல் வரியில் இரண்டு இடத்தில் தடுமாறினார். மூன்றாவது வரியில் வேகம் வந்துவிட்டது. இப்போது அவர் அடிப்பது எல்லாக் கணினிகளும் கைப்பேசிகளும் அறிந்த பொது எழுத்துக் குறியீடான யூனிகோட் என்பதால் அதே கடிதத்தை அப்படியே வாட்ஸப்பில் ஒட்டி ஊருக்கு அனுப்புகிறார். முன்பெல்லாம் தாளை அச்சடித்துப் படம் பிடித்துத்தான் அனுப்புவார். இந்த ஒரு வசதிக்காகவே அவர் பழைய டிஸ்க்கைத் திருப்பி மாட்டச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அச்சகத்துக்குப் போகும் நோட்டீஸை மட்டும் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுக்கிறோம். எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்துவிடுவதால் அங்கே எந்தக் கணினியில் திறந்தாலும் குழம்பாது.

அந்த முதல் நாள் குழப்பத்துக்குப் பிறகுதான் தாள் வழக்கம் தொடங்கியது. யாருடைய கணினியைத் தொடுவதற்கு முன்பும் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, ஒரு வாரம் கணினியில் என்னென்ன செய்கிறீர்களோ அதையெல்லாம் எழுதிவையுங்கள் என்று கேட்கிறேன். "எல்லாம் சாதாரண வேலைதான், நெட் பார்ப்பேன், கடிதம் எழுதுவேன்" என்று வாயால் சொல்வது ஒன்று, தாளில் வருவது வேறொன்று. மாமாவிடம் முன்பே கேட்டிருந்தால் 'பழைய நோட்டீஸைத் திறந்து பெயர் மாற்றுவேன்' என்பது மூன்றாவது வரியாக வந்திருக்கும்.

தாள் இருந்தும் தோற்ற இடம் என் கொழுந்தனுடைய பட்டறை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கத்தில் பதினான்கு தையல் இயந்திரங்கள் ஓடுகிற இடம். "மைனி, மாமாவுக்குச் செய்த மாதிரி எனக்கும் மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டார். தாள் கொடுத்தேன், அவரும் எழுதிக் கொடுத்தார். ஐந்து வரி. அதில் பில் போடும் மென்பொருள் விண்டோஸுக்கானது. வைன் என்ற மென்பொருள் 1993இலிருந்து வளர்ந்து வருவது, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டக்கூடியது. அதன் வழியாகத் திறந்து பார்த்தேன். திறந்தது, பதிவுகளும் சரியாக விழுந்தன. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணினியில் உண்மையில் உட்காருகிறவர் கொழுந்தன் அல்ல, கணக்கு எழுதும் தம்பி. அவர் மாதக் கடைசியில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி வரிப் படிவம் அனுப்புகிறார், சின்ன ரோல் தாளில் ரசீது அடிக்கிறார். டோக்கன் அந்த மென்பொருளுக்குத் தெரியவே இல்லை. ரசீதில் கடைசி எண் தாளுக்கு வெளியே போனது. தொகையின் கடைசி எண் இல்லாத ரசீதை யாரிடம் கொடுக்க முடியும்?

நான்கு நாள் போராடினேன். இரவு பதினொரு மணிக்கு அங்கே உட்கார்ந்து அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி தயங்கித் தயங்கி, நாளை கடைசித் தேதி என்றார். எழுந்து, பழைய டிஸ்க்கை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் படிவம் போய்விட்டது. அங்கே விண்டோஸ்தான் இருக்கிறது, இருக்கட்டும். இப்போது தாளை உரிமையாளரிடம் கொடுப்பதில்லை. விசைப்பலகையில் யார் கை இருக்கிறதோ அவரிடம் கொடுக்கிறேன்.

மகளுடைய மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருக்கின்றன. சேர்த்து வைப்பதில் இரண்டு தொல்லைகள் வரும், இரண்டும் எங்களுக்கு வந்தன. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்துவிடும். இரண்டாவது, விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி. அது இயக்கத்தில் இருந்தால் விண்டோஸை மூடினாலும் அது முழுதாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸ் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. மகள் பள்ளி வேலையைச் சேமிக்க முடியவில்லை என்று அழுத அன்று இதைக் கண்டுபிடித்தோம். விண்டோஸ் மின்சக்தி அமைப்பில் அந்த வசதியை நிறுத்திவிட்டால் போதும்.

அவளுக்குப் பள்ளியில் மராத்தி உண்டு. அவளுக்கு நான் இன்ஸ்கிரிப்ட் பழக்கினேன். இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அடிப்படையில் அமைந்த விசைப்பலகை அது. தமிழில் 'க' எந்த விசையோ மராத்தியிலும் அதே விசைதான். ஒரு விரல் பழக்கத்தில் இரண்டு மொழி. மும்பையில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விசைப்பலகை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பள்ளிக்கூடங்கள் ஏன் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இனி கைப்பையில் இருப்பது. ஸ்டீம் டெக், 256 ஜிபி. மகன் 2024இல் லேமிங்டன் ரோட்டில் பழையதாக வாங்கினான். கல்லூரி விடுதிக்குப் போனவனுக்கு நேரம் இல்லை, வீட்டில் கிடந்தது, நான் எடுத்துக்கொண்டேன். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட கையடக்கக் கணினி இது. ஏழு அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், உள்ளே 16 ஜிபி ராம். இதில் ஓடும் ஸ்டீம்ஓஎஸ், ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. பட்டியலில் 'டெஸ்க்டாப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சாதாரணக் கணினித் திரை வந்துவிடும். மாமாவின் மடிக்கணினி பிரித்துக் கிடந்த இரண்டு நாளும் இதைத்தான் டிவியோடு இணைத்து, விசைப்பலகை மாட்டி, கொடை வரவுசெலவுக் கணக்கை எழுதினேன்.

இதற்கு வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. அவை இதில் ஓடக் காரணம் புரோட்டான். கொழுந்தன் பட்டறையில் நான் முயன்றேனே, அந்த வைனின் மேல்தான் வால்வ் 2018இல் புரோட்டானைக் கட்டியது. விண்டோஸின் வரைகலைக் கட்டளையான டைரக்ட்3டியை வல்கன் என்ற கட்டளையாக மொழிபெயர்த்து இது கொடுக்கும். தான் லினக்ஸில் ஓடுவது விளையாட்டுக்கே தெரியாது. ஓடாதவையும் உண்டு. வலோரன்ட், ஃபோர்ட்நைட் போன்ற இணைய வழிப் போட்டி விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் தாளில் அப்படி ஒரு பெயர் இருந்தால் இந்தக் கருவியை வாங்கவே வேண்டாம். மற்றவற்றுக்கு ஸ்டீம் என்ற வால்வின் இணைய விளையாட்டுக் கடையிலேயே 'சரிபார்க்கப்பட்டது', 'விளையாடலாம்', 'ஆதரவில்லை' என்று குறி இருக்கும். புரோட்டான்டிபி என்ற தளத்தில் விளையாடியவர்கள் எழுதிய குறிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எனக்குப் பிடித்தவை வயல் உழுவது, ரயில் பாதை போடுவது போன்ற அமைதியான விளையாட்டுகள். காலையில் ஜிடிபி நகர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது கையைத் தூக்கவே இடம் இருக்காது. மாலையில் வண்டி கிளம்புவது சிஎஸ்எம்டியிலிருந்து என்பதால் பெண்கள் பெட்டியில் சன்னலோர இடம் பெரும்பாலும் கிடைக்கும். மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, டாக்யார்ட் ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்ரி. அதுவரை என் வயல். வண்டி வடாலா ரோட்டில் நின்றதும் மேலே உள்ள பொத்தானை ஒரு தட்டு. நீர் ஊற்றிக்கொண்டிருந்த நிலையிலேயே விளையாட்டு உறைந்துவிடும். எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுவிடலாம். மறுநாள் தட்டினால் அதே செடி, அதே குடம். வேலைக்குப் போகிற, வீட்டில் மூன்று பேருக்குப் பதில் சொல்கிற ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு பொத்தான் எவ்வளவு பெரிது என்பதை எழுத்தில் சொல்வது கடினம். எனக்கென்று கிடைக்கும் நேரம் அந்த இருபது நிமிடம்தான்.

பேட்டரி பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாதிரியில் 40 வாட்-மணிப் பேட்டரி. சில்லு அதிகபட்சம் 15 வாட் இழுக்கும், திரையும் மற்றவையும் தனி. கனமான விளையாட்டு என்றால் இரண்டு மணி நேரம்கூட நிற்காது. வலது கைப்பக்கம் மூன்று புள்ளி போட்ட பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் வாட் அளவைக் குறைக்கலாம். என் வயலுக்கு ஐந்து வாட் தாராளம். அதே இடத்தில் திரையை நொடிக்கு 40 படம் என்று வைக்கலாம். 30க்கும் 60க்கும் நடுவில் 45 இருக்க 40 எதற்கு என்று நானும் நினைத்தேன். 30இல் ஒரு படத்துக்கு 33.3 மில்லிநொடி, 60இல் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25 மில்லிநொடி, அதுதான் 40. கண்ணுக்குப் பாதி வழி முன்னேற்றம் கிடைக்கிறது, பேட்டரிக்கு 60இன் சுமை இல்லை. கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி வால்வ் சொல்கிறது. மும்பையின் மே மாத மதியம் அந்த எல்லைக்கு வந்துவிடும். சூடான காற்று மேல் விளிம்பு வழியாக வெளியேறுகிறது, குளிர்ந்த காற்றைப் பின்பக்கம் இழுக்கிறது. மடியில் புடவையின் மேல் வைத்து விளையாடினால் பின்துளை அடைபடும். பதிவிறக்கம் ஓடும்போது உறைக்குள் போட்டு மூடவும் கூடாது.

இனி என் இழப்பு. விளையாட்டுகளை மைக்ரோ எஸ்டி கார்டில் வைத்திருந்தேன். ஸ்டீம்ஓஎஸ் அந்தக் கார்டை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறையில் வடிவமைக்கிறது. விண்டோஸ் அதைப் படிக்காது. தீபாவளிக்கு வந்த மகன் ஏதோ படங்களை ஏற்றுவதற்காகக் கார்டை நண்பனின் விண்டோஸ் கணினியில் செருகினான். 'இந்தக் கார்டைப் பயன்படுத்த வடிவமைக்க வேண்டும்' என்று வந்தது, அவன் 'சரி' என்றான். விளையாட்டுகளை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நான் போட்ட ரயில் பாதை, நாற்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கட்டியது, அதுவும் அந்தக் கார்டில்தான் இருந்தது. அந்த விளையாட்டு தன் சேமிப்பை, தான் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே வைக்கிறது. பல விளையாட்டுகளின் சேமிப்பு இணையத்திலும் ஏறிவிடும், இதற்கு அந்த வசதி இல்லை. மகன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டான். அவன் தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கார்டின் மேல் 'லினக்ஸ், வேறெங்கும் செருகாதே' என்று எழுதி ஒட்டாதது நான். இப்போது ஒட்டியிருக்கிறேன். இணையச் சேமிப்பு இல்லாத விளையாட்டுகளின் கோப்புறையை மாதம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுக்கிறேன்.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. ஸ்டீம்ஓஎஸ்ஸின் அடிப்படைப் பகுதி படிக்க மட்டுமே திறந்திருக்கும். அதில் எதையும் எழுத முடியாது. ஒரு கட்டளை கொடுத்து அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்று படித்து, திறந்து, எனக்கு வேண்டிய ஒரு மென்பொருளை நிறுவினேன். மூன்று வாரம் கழித்து மேம்படுத்தல் வந்தது, என் மென்பொருள் காணாமல் போனது. மேம்படுத்தல் வரும்போது பழைய அடிப்படையைத் திருத்துவதில்லை, புதிதாக ஒன்றை முழுதாக வைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. டிஸ்கவர் என்ற செயலிக் கடையிலிருந்து ஃபிளாட்பேக் வடிவில் நிறுவினால் அது தனி இடத்தில் உட்காரும், மேம்படுத்தல் தொடாது. அதிலேயே நான் தேடியதும் இருந்தது.

ஆனால் அந்தப் பூட்டுக்குள் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அடிப்படை இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்றில் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மேம்படுத்தல் இன்னொன்றில் எழுதப்படும். புதியது சரியில்லை என்றால் கருவியை முழுதாக அணைத்து, மூன்று புள்ளிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இயக்கினால் பழைய பிரதிக்குத் திரும்பலாம். இதைப் படித்த அன்றுதான் பீரோவில் துணி சுற்றி வைக்கும் யோசனையே எனக்கு வந்தது. வால்வ் இரண்டு பிரதி வைத்துச் செய்ததை நான் இரண்டு டிஸ்க் வைத்துச் செய்தேன், அவ்வளவுதான்.

மின்ட்டில் அந்த இடத்தைப் பிடிப்பது டைம்ஷிஃப்ட். கணினியின் நிலையை வாரம் ஒருமுறை பதிந்து வைக்கும்படி மாமாவுக்கு அமைத்திருக்கிறேன். ஒன்றை மறக்கக் கூடாது. அது இயங்குதளத்தைத்தான் காக்கிறது, உங்கள் சொந்தக் கோப்புறையை வழக்கமான அமைப்பில் தொடாது. நோட்டீஸ்களுக்குத் தனி பென் டிரைவ் உண்டு. ஜூலையில், கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு மாமாவின் வைஃபை நின்றது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் புதிதாக வந்திருந்தது, அதோடு அந்தப் பழைய டிரைவர் ஒத்துப்போகவில்லை. தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டி, மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய், முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்ததும் வைஃபை வந்துவிட்டது. மாமா அந்த மூன்று படியையும் தட்டச்சில் அடித்து, அச்செடுத்து, மடிக்கணினியின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கிறார். நோட்டீஸ் அந்த வாரமே அச்சகத்துக்குப் போனது.

பழைய ஸ்டீம் டெக் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லாததால் உத்தரவாதம் என்பது கடைக்காரரின் வாய்ச்சொல்தான். கடையிலேயே அமைப்புகளில் உள்ள கட்டுப்பாட்டுச் சோதனையைத் திறந்து, கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு குச்சிகளையும் தொடாமல் விட்டு, புள்ளி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்புக்குப் போய்க் கணினித் தகவல் பகுதியில் பேட்டரியின் மீதித் திறன் எவ்வளவு என்று பாருங்கள். பின்மூடியைத் திறக்கும் தேவை வந்தால் முதலில் எஸ்டி கார்டை வெளியே எடுங்கள், மறந்தால் மூடியோடு கார்டு ஒடியும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி அக்கா போன மாதம் மடிக்கணினியோடு வந்தார். மாமாவுடையதைப் பார்த்துவிட்டு, தன்னுடையதும் மெதுவாக இருக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். தாள் கொடுத்தேன். நேற்று கொண்டுவந்தார். பதினொரு வரி. டிஃபன் ஆர்டர் கணக்கு, மின்கட்டணம், ஊர்க் கல்யாண வீடியோக்கள், எல்லாம் சுலபம். ஒன்பதாவது வரி அவர் கையெழுத்தில் இல்லை, மகளுடையது. கேமரா வைத்துக் கண்காணிக்கும் நுழைவுத் தேர்வு மென்பொருள் என்று எழுதி, பெயரையும் கொடுத்திருந்தாள். தேடிப் பார்த்தேன், விண்டோஸில் மட்டும்தான் அது ஓடும். தேர்வு எப்போது என்று கேட்டேன். ஏப்ரல் கடைசி வாரம் என்றார். அது முடிந்ததும் வாருங்கள் அக்கா, அன்றைக்கே எஸ்எஸ்டி மாட்டிவிடலாம் என்று சொல்லி, தாளை மடித்து மடிக்கணினிப் பைக்குள் வைத்துக் கொடுத்தேன்.